ஈச்சங்காட்டு எல்லைக்கல்

துளசிங்கத்தின் வலை நாற்பது மார் தெற்கே தள்ளி நின்றது.

இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு மார். அப்படி நாற்பது. பழவேற்காடு ஏரியில் இது சின்ன விஷயம் இல்லை. இறால் சீசனில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று குப்பத்துக் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். சீட்டில் வந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். தண்ணீரிலிருந்து பார்க்கும்போது கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரும் கோடுதான் அதற்கு எல்லை. ஒரு வருஷத்துக்கு அது அவனுடையது. அடுத்தவன் பாடு எல்லைக்குள் தெரியாமல் ஒரு கழி நட்டாலும் கூட்டம் கூடிவிடும்.

இந்தத் தடவை துளசிங்கத்துக்கு வடக்குப் பாடு. அதற்குத் தெற்கே இருக்கும் நடுப்பாடு பொன்னுரங்கத்துக்கு. பொன்னுரங்கம் வேறு யாரும் இல்லை, துளசிங்கத்தின் மனைவி இருசம்மாளுக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

"இன்னா மச்சான், வலை கட்டினியா, இல்ல என் வூட்டு நடுவுல வந்து பாய் போட்டியா?" என்று கூட்டத்தில் கேட்டார் பொன்னுரங்கம்.

"அடையாளம் பாத்துதான் கட்னேன். கரைல கீற மூணூர் எல்லைக்கல்லும் லைட் அவுசும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துது. அங்கதான் என் கோடிக் கழி."

"அப்போ உன் கண்ணுல பூ வுழுந்துகீது."

கூட்டம் சிரித்தது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. போன வருஷம் வடக்குப் பாடு அவருக்கு வந்திருந்தது. எல்லையில் அவர் நட்ட சவுக்குக் கழி சீசன் முடிவில் ஒடிந்து, அடிக்கட்டை சேற்றிலேயே நின்றுவிட்டது. அது அவர் குதிகாலைக் கிழித்து ஆறு தையல் போட வைத்தது. அந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். துளசிங்கத்தின் வலை அதைத் தாண்டி நாற்பது மார் போயிருந்தது. மூன்று பேர் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவிப் பார்த்து, ஆமாம் என்றார்கள்.

கரை அடையாளமும் சேற்றுக் கட்டையும் முரண்பட்டால் கட்டைதான் செல்லும் என்பது குப்பத்து வழக்கம். கண் ஏமாற்றும். கட்டை இருந்த இடத்தில்தான் இருக்கும்.

பெரியதனக்காரர் திருவேங்கடம் தீர்ப்பு சொன்னார். சீசன் முடியும்வரை துளசிங்கம் ஏரியில் கால் வைக்கக் கூடாது. வடக்குப் பாடு சீட்டில் அடுத்து இருந்தவனுக்குப் போகும்.

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

இருசம்மாளுக்கு அன்றைக்கு இதைவிடப் பெரிய தலைவலி இருந்தது.

குப்பத்துக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு. அதன் மேல் ஈச்சை, சூரை, காரை, நாவல் என்று ஆள் நுழைய முடியாத காடு. ஒரு பக்கம் கடல் உப்பு, மறுபக்கம் ஏரி உப்பு. நடுவில் அந்தக் காட்டுக்குள் மட்டும் ஒரு ஊற்று. மழைத் தண்ணீரை மணல் பிடித்து வைத்துக்கொண்டு வருஷம் பூராவும் கொடுக்கும். நூற்றுப் பத்து வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர்.

காட்டுக்கு வடக்கே சிவசங்கரின் சவுடு மண் குவாரி. மீஞ்சூர்ப் பக்கம் எங்கே மனை போட்டாலும் பள்ளம் ரொப்ப இங்கிருந்துதான் டிப்பர் போகும். பட்டா நிலத்தில் லைசென்ஸ் வாங்கித் தோண்டினார். தோண்டிய பள்ளத்தில் ஏரி உப்புத் தண்ணீர் ஏறி நின்றது. போன மாதம் புயல் ஓய்ந்த கையோடு காட்டுக்குள்ளேயே சிவப்புத் துணி கட்டிய கம்புகளை நட்டுவிட்டார். ஊற்று அந்தக் கம்புகளுக்கு உள்பக்கம் இருந்தது.

"எல்லைக்கல் வரைக்கும் என் பட்டாம்மா. வேணும்னா அளந்து பாருங்க" என்றார்.

இருசம்மாள் அளக்கச் சொல்லி மனு எழுதி, முதல் கையெழுத்தும் போட்டாள். புதன்கிழமை காலை சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. அளவு சிவசங்கருக்குச் சாதகமாக முடிந்தால் வியாழக்கிழமை ஜேசிபி இறங்கும். குவாரி சூப்பர்வைசர் சந்தோஷ் டீக்கடையில் இதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காடு போனால் ஊற்று போகும். ஊற்று போனால் குப்பம் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சத்தமாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பொன்னேரியில் இலவசக் கண் முகாம். இருசம்மாள் கணவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"எனுக்கு கண்ணு நல்லாத்தான் கீது" என்றான் துளசிங்கம்.

"அத்த டாக்டர் சொல்லட்டும். ஊரே உன்ன குருடன்னு சொல்லுது. கண்ணாடி போட்டா அடுத்த வருஷமாவது ஒயுங்கா வலை கட்டுவ."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். தூரத்து எழுத்தைப் படிக்கச் சொன்னார். எழுத்து தெரியாதவர்களுக்கான அட்டையில் கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கேட்டார். துளசிங்கம் கடைசி வரிவரை சொன்னான். அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"உங்க வயசுக்கு இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததில்லை. அடுத்த ஆள்" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் துளசிங்கம் ஜன்னல் ஓரம் ஜம்பமாக உட்கார்ந்திருந்தான். திருப்பாலைவனம் தாண்டும்வரை இருசம்மாள் விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டாள். பிறகு திரும்பினாள்.

"யோவ். அன்னிக்கு கல்லும் லைட் அவுசும் நெஜமாவே ஒண்ணாத்தான் வந்துதா?"

"எத்தினி வாட்டி சொல்றது?"

"எங்கண்ணன் சொன்ன கட்டை?"

"அதுவும் நெஜம்தான். மூணு பேரு தொட்டுப் பாத்தாங்களே."

"கட்டை சேத்துக்குள்ள கீது, நவுராது. லைட் அவுசு நவுராது. உன் கண்ணும் நல்லா கீது. அப்போ மிச்சம் இன்னா?"

துளசிங்கம் அவளைப் பார்த்தான். பதில் அவனுக்கு உடனே வந்துவிட்டது. சொல்லத்தான் பயமாக இருந்தது.

"கல்லு" என்றான்.

மூன்று கிராமங்களின் எல்லை சேரும் இடத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கல் அது. இடுப்பு உயரம். அதற்குத் தெற்கே காடு, புறம்போக்கு. வடக்கே குவாரிப் பட்டா. கடல் பக்கம் இருந்த இன்னொரு கல்லைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. இருப்பது இந்த ஒன்றுதான். அதைச் சுற்றிலும் சூரை முள். கரையில் இருப்பவர்கள் யாரும் அந்தக் கல் பக்கம் போவதில்லை, அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தண்ணீரில் இருப்பவனுக்குத்தான் அதன் வெள்ளைத் தலை தேவை.

புயல் அடித்த வாரத்தில் தண்ணீரில் யாரும் இல்லை.

அண்ணன் வீட்டில் பொன்னுரங்கம் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி சொன்னதை முழுதாகக் கேட்டார். கையில் இருந்த ஊசி மட்டும் நின்றது.

"அப்போ கூட்டத்துல நான் பொய் சொன்னேன்னு ஆவுதா?"

"நீயும் பொய் சொல்லல, அவரும் பொய் சொல்லல. நாம ரெண்டு வூடும் அட்ச்சிக்கினு கீறோம். கல்ல நவுத்தினவன் டிப்பர்ல மண்ணு ஏத்திகினு கீறான்."

"தீர்ப்பு முடிஞ்சுபோச்சு இருசு. பெரியவரு திருப்பிப் பேச மாட்டாரு."

"தீர்ப்பப் பத்தி நான் வரல. நாளைக்கு நீ உன் கட்டை மேல போயி நிக்கணும். அவ்ளோதான். தங்கச்சி வூட்டுக்காரனுக்காக வாணாம். உன் பொண்டாட்டி கொடத்துல தண்ணி எங்க மொள்ளுவான்னு யோசிச்சுப் பாரு."

உள்ளேயிருந்து அண்ணி குரல் வந்தது: "நிக்காம எங்க போவாரு? நிக்கச் சொல்லு."

பொன்னுரங்கம் மறுபடி ஊசியை எடுத்தார். அது சம்மதம் என்று இருசம்மாளுக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு சர்வேயர் ஜெபசெல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். தொப்பி, கான்வாஸ் ஷூ, தோளில் வரைபடக் குழல். பின்னால் வந்த ஆட்டோவில் உதவியாளரும் அளவுக் கம்புகளும். சிவசங்கர் இளநீரோடு காத்திருந்தார். ஜெபசெல்வி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நேராகக் கல்லுக்குப் போனார்.

குப்பமே அங்கே நின்றது. திருவேங்கடம் முன்னால். துளசிங்கம் ஏரியிலிருந்து நன்றாகத் தள்ளி, தடையை மதித்து நின்றான்.

இருசம்மாள் விஷயத்தைச் சொன்னாள். பாடு, கட்டை, லைட் அவுஸ், கண் டாக்டர், எல்லாம். ஜெபசெல்வி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வலை கட்டின கதையை வெச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாதும்மா."

"நானும் அதேதான் சொல்றேன் மேடம்" என்றார் சிவசங்கர்.

"ஆனா கல்லுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கலாம். இந்த மாதிரி மூணு ஊர்க் கல்லு நட்டா, அந்தக் காலத்துல அடியில சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இறுக்குவாங்க."

நான்கு பேர் கல்லைச் சுற்றித் தோண்டினார்கள். இரண்டு அடிக்குக் கீழே கல் முடிந்தது. அதற்குக் கீழே வெறும் மணல். மணலில் ஒரு காலித் தண்ணீர் பாக்கெட். ஜெபசெல்வி அதை நுனிவிரலால் எடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டார்.

கூட்டம் சலசலத்தது. சிவசங்கர் அசரவில்லை.

"புயல்ல கல்லு சாஞ்சுது மேடம். அநாதையா கெடக்க வேணாம்னு எங்க பசங்க அதே எடத்துல நிமித்தி வெச்சாங்க. அதுல இன்னா தப்பு?"

ஜெபசெல்வி யோசித்தார். கல் கிளப்பப்பட்டது நிச்சயம். அதே இடத்தில் வைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி. சுற்றி எங்கே தோண்டுவது? காடு, பள்ளம், டிப்பர் போகும் பாதை என்று ஒரு ஏக்கர் கிடக்கிறது.

"பழைய இடம் எதுன்னு காட்ட முடியுமா?" என்று இருசம்மாளைக் கேட்டார்.

"முடியும். அதுக்குத்தான் எங்கண்ணன் தண்ணிக்குள்ள நிக்கிறாரு."

அப்போதுதான் எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளி, மார்பளவு தண்ணீரில், பொன்னுரங்கம் ஒரு காலைக் கட்டையின் மேல் வைத்து நின்றிருந்தார். காதில் போன்.

இருசம்மாள் சிவப்புக் கொடி கட்டிய அளவுக் கம்பைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடந்தாள். உதவியாளர் ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். தண்ணீரிலிருந்து கம்பு லைட் அவுஸை மறைக்கும் இடம்தான் கோடு. அதன் மேல்தான் எங்கோ கல் நின்றிருக்க வேண்டும்.

"வடக்கே போ" என்றது போன். "இன்னும். இன்னும் போம்மே, இன்னா நவுறவே மாட்டேன்ற, கருவாடு காய வெக்கிற மாதிரி. ஆங், தாண்டிட்ட. ரெண்டு அடி திரும்பு. நில்லு."

கம்பை ஊன்றினாள். கிழக்கே இன்னொரு கம்பும் ஊன்றிக் கயிறு பிடித்தார்கள். கயிறு சூரைப் புதரைத் தாண்டி, டிப்பர் பாதையைக் குறுக்கே வெட்டி, காட்டு விளிம்புவரை போயிற்று. இப்போது இருக்கும் கல்லிலிருந்து வெகுதூரம் வடக்கே.

"கோடு கெடைச்சுது. ஆனா கோட்டுல எந்தப் புள்ளி?" என்றார் ஜெபசெல்வி. "இருநூறு மீட்டருக்கும் நான் தோண்ட முடியாது."

"இன்னொரு கோடு கீது மேடம்" என்றான் துளசிங்கம். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை. "நடுப்பாட்டுக்கும் தெக்குப் பாட்டுக்கும் எல்லை, அதே கல்லும் செல் டவரும். போன வருஷம் தெக்குப் பாடு எனுக்கு. என் கட்டையும் அங்க சேத்துல கீது. எனுக்கு மட்டும்தான் எடம் தெரியும்."

"அப்ப போய் நில்லுங்க."

துளசிங்கம் நகரவில்லை. திருவேங்கடத்தைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள்.

"தடை தடைதான்" என்றார் திருவேங்கடம். "இன்னிக்கு இவனுக்கு வுட்டா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணத்தோட வருவானுங்கோ. சீசன் முடியட்டும்."

"சீசன் முடியறப்ப காடு இருக்காது பெரியவரே" என்றாள் இருசம்மாள். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. ஆனால் இது கூட்டம் நடக்கும் இடம் இல்லை, குவாரி ஓரம். யாரும் அவளை அடக்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு இன்ஜின் சத்தம். காலி டிப்பர் ஒன்று பள்ளத்திலிருந்து ஏறி வந்து, பாதையில் கயிற்றின் மேலேயே நின்றது. சந்தோஷ் இறங்கிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வண்டிய எடுப்பா" என்றார் உதவியாளர்.

"கிளட்ச் போச்சு சார். மெக்கானிக் மீஞ்சூர்லேருந்து வரணும்."

ஜெபசெல்வி டிப்பரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். நோட்டில் மணி 10.40 என்று எழுதிக்கொண்டார்.

போன் கரகரத்தது. பொன்னுரங்கத்துக்குக் கரையில் நடந்தது எல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பெரியவரே, நான் பொன்னுரங்கம் பேசறேன். நடுப்பாடு இந்த வருஷம் என்னுதுதானே?"

"ஆமா."

"என் வலை சிக்கினுகீது. ஒத்தையா பிரிக்க முடியல. கைக்கு ஆள் கூப்புடறேன்."

திருவேங்கடம் தாடையைத் தடவினார். பாட்டுக்குச் சொந்தக்காரன் கைக்கு ஆள் கூப்பிட்டால் யாரும் இறங்கலாம். தடை உள்ளவனும் இறங்கலாம். புயலில் வலை மாட்டிக்கொண்டால் விரோதிகூட வந்து உதவ வேண்டும் என்று வைத்த வழக்கம். இன்று புயலும் இல்லை, பொன்னுரங்கத்தின் வலை வீட்டில் பாதி பொத்தியபடி கிடப்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"யார கூப்புடற?" என்றார் திருவேங்கடம்.

"சும்மா நிக்கிறவன் எவனாவது இருந்தா அனுப்பு. மச்சான் சும்மாத்தானே நிக்கிறான்?"

"வலை சிக்கினா வேற வழி இல்ல" என்றார் திருவேங்கடம், துளசிங்கத்தைப் பார்க்காமல்.

துளசிங்கம் அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான்.

கட்டையைத் தேட அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில், தன் கட்டையை விட்டு அவன் பக்கம் வந்துவிட்ட பொன்னுரங்கம் ஸ்பீக்கரில், "டாக்டர் கண்ணத்தானே டெஸ்ட் பண்ணாரு, கால வுட்டுட்டாரா?" என்று கேட்டார். "வாய மூடிகினு போன நனையாம புடி" என்று பதில் வந்தது. பிறகு பொன்னுரங்கம் போனை மாற்றிக் கொடுக்கும் சத்தம். துளசிங்கம் போனில் சொல்லிச் சொல்லி இருசம்மாளை நடத்தினான். செல் டவர் கம்புக்குப் பின்னால் மறைந்தது.

இரண்டாவது கயிறு தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போயிற்று. கூட்டம் அதன் கூடவே நடந்தது. கயிறு டிப்பரின் பின்சக்கரத்துக்கு அடியில் புகுந்து, முதல் கயிற்றை அங்கேயே சந்தித்தது.

ஜெபசெல்வி குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்.

"சந்தோஷ்" என்றார் ஜெபசெல்வி. "இருநூறு மீட்டர் கயிறு. அதுல இந்த ஒரே எடத்துல உங்க கிளட்ச் போச்சு. ரெண்டாவது கோடு போடறதுக்கு முன்னாலயே."

சந்தோஷ் சிவசங்கரைப் பார்த்தான். சிவசங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு யாருக்கோ போன் போட்டார்.

"நான் வண்டிய நவுத்தச் சொல்லி எழுத்துல குடுக்கவா, இல்ல நீங்களே எடுக்கறீங்களா?"

கிளட்ச் சரியாகிவிட்டது. டிப்பர் பத்து அடி பின்னால் போயிற்று.

பாதையில் கொட்டியிருந்த கட்டட இடிபாட்டை முதலில் அள்ளினார்கள். பிறகு மணல். கயிறுகள் வெட்டிய இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி கடக்கென்று நின்றது. ஜெபசெல்வி முட்டி போட்டு உட்கார்ந்து கையால் மண்ணை விலக்கினார். சுண்ணாம்பு, கிளிஞ்சல் தூள், செங்கல் ஜல்லி. நடுவில் சதுரமாக ஒரு குழி. உதவியாளர் டேப்பை வைத்தார். கல்லின் அடிப்பாகம் ஒன்பது அங்குலம். குழியும் ஒன்பது அங்குலம்.

பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவில் அறுபத்தெட்டு மீட்டர். ஊற்று, நாவல் மரங்கள், சிவப்புத் துணிக் கம்புகள் அத்தனையும் அந்த அறுபத்தெட்டுக்குள் இருந்தன. குவாரிப் பள்ளத்தின் தெற்கு ஓரமே பதினோரு மீட்டர் புறம்போக்குக்குள் வந்திருந்தது.

"நான் அப்பீல் போவேன்" என்றார் சிவசங்கர்.

"போலாம் சார். அதுவரைக்கும் கம்புங்கள புடுங்கிடுங்க. பள்ளத்துலயும் வேலை நிறுத்தணும். இன்னிக்கே ரிப்போர்ட் போகுது." ஜெபசெல்வி எழுந்து முட்டியில் இருந்த மணலைத் தட்டினார். "கல்ல இங்க கொண்டு வந்து நடணும். ஆள் இருக்கா?"

ஆள் என்ன, குப்பமே இருந்தது. கம்பும் கயிறும் கட்டி எட்டுப் பேர் கல்லைச் சுமந்து வந்தார்கள். துளசிங்கமும் பொன்னுரங்கமும் ஈரத்தோடு ஆளுக்கொரு முனை. சுண்ணாம்புச் சதுரத்தில் கல் தட்டாமல் முட்டாமல் இறங்கியது.

"பாடு விஷயம்?" என்று பொன்னுரங்கம் மெதுவாகத் திருவேங்கடத்தைக் கேட்டார்.

"கண்ணும் சரி, கட்டையும் சரினு வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்றேன். தடையும் எடுத்துடலாம். ஆனா வடக்குப் பாட்ட இன்னொருத்தனுக்குக் குடுத்தாச்சு. அவன் வலை கட்டிட்டான். திருப்பி வாங்கறது நியாயம் இல்ல."

துளசிங்கம் தலையாட்டினான். இந்த வருஷ இறால் அவனுக்கு இல்லை.

"என் வலைல பங்குக்கு வா மச்சான்" என்றார் பொன்னுரங்கம்.

"பூ வுழுந்தவன வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"கரைல குந்தி வலை பொத்து. அதுக்கு கண்ணு போதும்."

ஜெபசெல்வி அன்று கண்டதை எழுதிய மகஜரை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்தார். அடியில் சாட்சி என்று இரண்டு கோடுகள். கட்டையில் முதலில் நின்றது நான்தான் என்றார் பொன்னுரங்கம். புள்ளி கிடைத்தது என் கட்டையால்தான் என்றான் துளசிங்கம். இரண்டு பேரும் பேனாவுக்குக் கை நீட்டினார்கள்.

இருசம்மாள் நடுவில் புகுந்து பேனாவை வாங்கி, முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மேடம், இன்னும் ஒரு கோடு போடுங்க. ரெண்டும் ரெண்டு பக்கம் இஸ்துகினு பேப்பர கிழிச்சுடும்."